பொன்னியம்மாவின் நிமிடங்கள்

ஸ்டூலைவிட்டு எழும் ஒவ்வொரு முறையும் பொன்னியம்மா அதைத் திரும்பிப் பார்ப்பார். எழுந்தவுடனே அல்ல. முதலில் கையிலிருக்கும் டேப் உருளையை மேஜைமேல் வைப்பார். வலது உள்ளங்கையால் யூனிஃபார்ம் கோட்டின் பின்பக்கத்தைக் கீழ்நோக்கி ஒருமுறை தடவுவார். அரை அடி தள்ளி நின்று, எதையோ கீழே போட்டுவிட்டவர்போலத் தலையை மட்டும் திருப்புவார். ஸ்டூலைப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரேணுகாவைப் பார்ப்பார். ரேணுகா அவருடைய கோட்டை ஒரு கணம் பார்த்துவிட்டு இமைகளை மூடித் திறப்பார். ஒன்றுமில்லை, போகலாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பொன்னியம்மா நடப்பார்.

மூன்று வாரம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்த பிறகுதான் அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கிய அன்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. பார்த்துக் குறிப்பதற்குத்தான் எனக்கு அங்கே சம்பளம்.

மண்ணூர்பேட்டையில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கத் தெருவில், கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. எட்டு லைன்கள். மூன்றாம் லைனில் முப்பத்தாறு பெண்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒயர்களைக் கட்டாக்கி, கறுப்பு டேப் சுற்றி அடுத்த மேஜைக்குத் தள்ளுவது அவர்கள் வேலை. முப்பத்தாறு பேருக்கும் ஒரே ஒரு சிவப்பு அட்டை. சூப்பர்வைசர் தேவராஜின் மேஜை ஓரத்து ஆணியில் நாடாவோடு தொங்கும். கழிவறைக்குப் போக வேண்டியவர் "சார், கார்டு" என்று கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் திரும்பிவந்து அதை ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் எழலாம். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் தேவராஜ் வெள்ளைப் பலகையில் எழுதுவார். ஷிஃப்ட் முடிந்ததும் நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பெயர், தேதி, நிமிடம். ஃபைலின் பெயர் 'உற்பத்தியில்லா நேரம்'.

மறுநாள் காலைக் கூட்டத்தில் முதல் மூன்று பெயர்களை தேவராஜ் சத்தமாக வாசிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நவம்பரிலிருந்து முதல் பெயர் மாறவே இல்லை.

"பொன்னியம்மா, நேத்து நாப்பத்திரெண்டு நிமிஷம். இன்டர்வெல் வரைக்கும் படம் பாத்துட்டு வந்திருக்காங்க. பாப்கார்ன் வாங்குனீங்களாம்மா?"

பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களை தேவராஜ் குறித்துவைத்துக்கொள்வார் என்பதால் ரேணுகாவும் சிரிப்பார். பொன்னியம்மா தரையைப் பார்த்து நிற்பார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அம்மாவும் அப்பாவும் இதே மண்ணூர்பேட்டையில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல்கள் கம்பெனிகளான பிறகு, பத்தொன்பது வயதில் இவர் முதல் கம்பெனிக்குள் நுழைந்தார். மூன்று கம்பெனிகள், முப்பது வருடங்கள், இரண்டு மகள்கள், இருவருக்கும் கல்யாணம். அதற்குப் பிறகு உடம்பு தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்தது. மாதத்துக்கு மூன்று நாள் என்றிருந்தது பத்து நாள், பதினைந்து நாள் என்று ஆனது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. நகங்கள் கரண்டிபோலக் குழிந்தன. கேன்டீன் ஐஸ்பெட்டியிலிருந்து ஐஸ்கட்டி எடுத்துக் கடித்துக்கொண்டே இருப்பார். இரத்தம் குறைந்தால் அப்படித் தோன்றுமாம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அரை பாட்டில் தண்ணீருக்குமேல் குடிக்கமாட்டார். குடித்தால் கார்டு கேட்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்களின் மேஜைக்கு அடுத்த மேஜையில் நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கம் திருப்பியது குறைவு.

"அக்கா, வாழப்பூவ அரைச்சு மோர்ல கலக்கிக் குடி. கப்புனு நிக்கும்," என்பார் சபீனா.

"குடிச்சுக் குடிச்சு வவுத்துல வாழத்தோப்பே கீதுடி. இன்னும் கொல தள்ளாததுதான் பாக்கி."

"ஆவடில பாத்தியே, அந்த நர்சிங் ஹோம்ல இன்னா சொன்னாங்க?"

"இன்னா சொல்வாங்க. கட்டி கீது, எடுத்துடலாம், எப்ப படுக்கற? காய்கறிக் கடையில கேக்கற மாதிரி கேக்குறான். எங்க ஊட்டுக்காரரு அதுக்கு மேல. 'சும்மா கெடக்கற சாமான் தானே, எடுத்துப் போட்டா இன்னா'ங்கறாரு. அப்பிடிப் பாத்தா மொதல்ல உன்னத்தான் எடுத்துப் போடணும் மாமேன்னுட்டேன்."

மேஜையே அதிர்ந்தது. ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தொன்றாவது வயதில், லீவு எடுத்து எடுத்து வேலை போய்விடுமோ என்ற பயத்தில், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவர் அவர்.

"எடுக்காதக்கா," என்றார். "எனக்கு லீவு மட்டும்தான் கொறஞ்சுது. இடுப்பு போச்சு, தூக்கம் போச்சு. திடீர்னு உடம்பெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. டாக்டர் கேட்டாரு, யாரும்மா இவ்ளோ சீக்கிரம் எடுக்கச் சொன்னதுன்னு. எந்தப் பேர சொல்றது?"

எந்தப் பெயர் என்று அந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்குப் பொன்னியம்மா கார்டு கேட்டார். கார்டு வேறொருவர் கழுத்தில் போயிருந்தது. "வந்ததும் போ," என்றார் தேவராஜ். வந்தது. ஆனால் பொன்னியம்மா எழும் முன்பே தேவராஜ் அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "லாட் முடியட்டும். லாரி நிக்குது." இருபத்தைந்து நிமிடங்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுவர்க்கடிகாரத்தையும் பொன்னியம்மாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கம்பெனி கொடுத்த கோட் வெளிர்நீலம். கருநீலத்தில் கொடுங்கள் என்று பெண்கள் இரண்டு முறை கேட்டிருந்தார்கள்.

பொன்னியம்மா எழுந்தபோது திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரேணுகாவின் முகத்திலேயே எல்லாம் இருந்தது. ரேணுகா தன் துப்பட்டாவை உருவி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். தேவராஜ் தன் சுழல் நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார்:

"ஸ்டூலைக் கழுவி வெச்சுட்டுப் போம்மா. நாளைக்கு இன்னொருத்தர் உக்காரணும்ல."

முப்பத்தைந்து பெண்களின் நடுவே அந்த ஸ்டூலை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பொன்னியம்மா நடந்துபோனார். கழுவிக் கொண்டுவந்து, அதன் நான்கு கால்களும் தரையில் இருந்த மஞ்சள் குறிகளில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து வைத்தார். மறுநாளும் வேலைக்கு வந்தார்.

அன்று மாலை தேவராஜ் அவரை என் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"ரேணுகாவப் பாரு. எடுத்துட்டா, நிம்மதியா இருக்கா. ஜூலைல பெரிய ஆடிட் இருக்கு, அதுவரைக்கும் ஆளை மாத்த முடியாது. ஆடிட் முடிஞ்ச மறுநாள் எனக்குப் பதில் வேணும். எடுத்துட்டு வர்றியா, இல்ல வீட்டுலயே இருந்துக்கறியா?"

"சரி சார்," என்றார் பொன்னியம்மா.

வெளியே போகும்போது ரேணுகாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. கத்தவில்லை. சமையல் குறிப்பு சொல்கிற குரல்.

"அவன ஒரு நாள் எல்லார் முன்னாடியும் நிக்க வெக்கறேன்டி. நான் எப்பிடி நின்னேனோ அப்பிடி."

நான் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பொன்னியம்மா முன்பைவிடப் பணிவானவர் ஆனார். தேவராஜைப் பார்த்தால் எழுந்து வணக்கம் வைத்தார். ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் மேஜை அருகே போய் முணுமுணுப்பாகக் கேட்பவர், இப்போது மூன்றாம் லைன் முழுவதும் கேட்கிற மாதிரி, ஒரே ராகத்தில், பால்காரர் குரல் கொடுப்பதுபோலக் கேட்டார்:

"சார்ர், கார்டு!"

தினமும் ஆறு முறை. இளைய பெண்கள் அந்த ராகத்தைப் பின்னாலிருந்து பாடிச் சிரித்தார்கள். தேவராஜுக்கே அது பழகிவிட்டது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆணியிலிருந்து எடுத்து நீட்டுவார்.

பொன்னியம்மாவின் நிமிடங்கள் ஏறிக்கொண்டே போயின. மே மாதம் நாளுக்கு ஐம்பதைத் தாண்டி, ஜூனில் அறுபதுக்கு வந்தன. நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு மாலையும் அந்த எண்ணைத் தட்டும்போது விரல் தயங்கும். தட்டிவிடுவேன். அவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் மற்றவர்கள் காத்திருந்தார்கள். அடக்கி அடக்கி ரேணுகாவுக்கு ஜூனில் நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். அதற்கும் தேவராஜைத்தான் எல்லாரும் திட்டினார்கள். வேறு யாரைத் திட்டுவது?

ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்பு எச்.ஆர். ஸ்ரீநாத் கேள்வி பதில் தாளோடு வந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் ஆய்வாளர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று வருடாவருடம் நடக்கும் ஒத்திகை.

"வாஷ்ரூம் எப்ப போவீங்க?"

"எப்ப வேணா போவோம் சார்!" முப்பத்தாறு குரல்கள்.

"பர்மிஷன் கேக்கணுமா?"

"வேணாம் சார்!"

"வெரி குட். இன்னொரு தடவை."

பொன்னியம்மா கையைத் தூக்கினார். "சார், கார்டு கேட்டா தப்பா சார்?"

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கார்டுங்கற வார்த்தையே வரக்கூடாதும்மா. மறந்துடுங்க."

"சரி சார். மறந்துடறேன்."

ஜூலை பதினாறு காலை, கழிவறையில் சோப்பும் புதுத் துண்டும் வந்திருந்தன. முதலுதவிப் பெட்டியில் நாப்கின்கள் அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளைப் பலகையின்மேல் பாதுகாப்பு வாசகம் ஒட்டியிருந்தது. சிவப்பு அட்டை தேவராஜின் டிராயருக்குள். என் ஃபைலை வேறொரு ஃபோல்டருக்குள் ஒளித்துவைக்கச் சொல்லியிருந்தார் ஸ்ரீநாத். கேட்டில் பொன்னியம்மா என்னை நிறுத்தினார்.

"தம்பி, அந்த நிமிசக் கணக்கெல்லாம் அழிச்சுட்டியா?"

"இல்லக்கா. ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"ம்," என்றார். கூச்சத்தில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வாளர் ரோஷினிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெங்களூரிலிருந்து வந்திருந்தார், தமிழ் பேசினார். மூன்றாம் லைனுக்கு அவர் வந்தபோது மணி பதினொன்று. ஸ்ரீநாத்தும் தேவராஜும் இரண்டு பக்கமும். பொன்னியம்மா டேப் உருளையை மேஜைமேல் வைத்தார். எழுந்தார். நேராக தேவராஜிடம் நடந்துபோய், அதே ராகத்தில் கேட்டார்:

"சார்ர், கார்டு!"

தேவராஜின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "எந்த கார்டும்மா? போய் உக்காரு."

"அட, செவப்பு கார்டு சார். தெனிக்கும் கழுத்துல மாட்டிகினு போறேனே."

ரோஷினி திரும்பினார். "என்ன கார்டு?"

"லாக்கர் கார்டு மேடம்," என்றார் தேவராஜ்.

பொன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயய்யோ! இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கேக்கக்கூடாதுன்னு சொன்னீங்க இல்ல? மறந்தே பூட்டேன். பழக்கதோசம். மன்னிச்சுக்கோ சார்."

பிறகு பின்வரிசையிலிருந்து ரேணுகா எழுந்தார். "பொன்னிக்கா வந்ததும் எனக்கு சார்." "அதுக்கப்புறம் எனக்கு," என்றார் சபீனா. "சார், நான் காலையிலயே கேட்டேன், எனக்குத்தான் ஃபர்ஸ்ட்." ஒவ்வொரு ஸ்டூலாகத் தேய்ந்து நகர்ந்தது. கார்டு, கார்டு என்று முப்பத்தாறு குரல்கள். ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தாலும் ஸ்ரீநாத்தால் அப்படி ஒரு கோரஸ் வாங்கியிருக்க முடியாது.

"டிராயரைத் திறங்க," என்றார் ரோஷினி.

அட்டை வெளியே வந்தது. அதன் நாடா கழுத்து வியர்வையில் கறுத்திருந்தது.

"இது எத்தனை பேருக்கு?"

"முப்பத்தாறு பேருக்கு மேடம்," என்றார் பொன்னியம்மா. "ஒருத்தி போனா மத்த முப்பத்தஞ்சும் கால இறுக்கிகினு குந்தியிருக்கணும்."

"ரெக்கார்டு ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் எதுவும் கிடையாது மேடம்," என்றார் ஸ்ரீநாத்.

பொன்னியம்மா கண்ணாடித் தடுப்பைக் காட்டினார். "கம்ப்யூட்டர் தம்பி கீதே. தெனிக்கும் ஏத்துவான். தங்கமான புள்ள மேடம், ஒரு நிமிசத்தக்கூட உடமாட்டான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் முடிந்திருக்கும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். ஃபைலைத் திறப்பதற்குப் பேச வேண்டியதில்லை. திறந்தேன். அதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரோஷினி எட்டு மாதத்தையும் நின்றபடியே பார்த்தார். ஜூனில் பொன்னியம்மாவின் பெயருக்கு நேரே ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தாறு நிமிடங்கள் இருந்தன. அந்த எண்ணின்மேல் விரலை வைத்து, "உங்களுக்கு உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

"தீட்டு நிக்காமப் போவுது மேடம். நாளைக்கு நான் பதில் சொல்லணும். எடுத்துட்டு வந்தாதான் வேலன்னு சார் சொல்லிகிறாரு."

"எதை எடுத்துட்டு வந்தா?"

"கர்ப்பப்பைய."

அவர் குரல் தணியவில்லை. தேவராஜ் தரையைப் பார்த்தார். முப்பத்தாறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எத்தனை நிமிடம் அப்படி நின்றார் என்று நான் குறித்துவைக்கவில்லை.

வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரை நிறுத்திவைத்தார். ஒரு வாரத்துக்குள் கார்டு ஒழிந்தது, பூட்டிக்கிடந்த இன்னொரு கழிவறை திறந்தது. பொன்னியம்மாவிடம் பதில் கேட்க யாரும் வரவில்லை. தேவராஜை லைனிலிருந்து எடுத்து, கரையான்சாவடி பக்கம் இருந்த கிடங்குக்கு அனுப்பினார்கள். பெண்களே இல்லாத இடம். கடைசி நாள் மாலை அவர் பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் இருந்தன. பொன்னியம்மா அதன் அருகே கைகட்டி நின்றிருந்தார்.

"சேரைக் கழுவி வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்கு இன்னொருத்தர் உக்காரணும்ல."

தேவராஜ் வாளியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கண்ணைத் திருப்பவும் இல்லை. அவர் போய்விட்டார். பொன்னியம்மா நிதானமாக அந்த நாற்காலியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

ஃபைலைக் காட்டியதற்கு எனக்கு மெமோ வந்தது. டீ இடைவேளையில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மெமோ குடுத்தாங்களாமே?"

"ஆமாக்கா."

"வாங்கிக்க. எட்டு மாசம் ஏத்துனல்ல."

டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவரிடமிருந்து எனக்கு அவ்வளவுதான் கிடைத்தது. அவ்வளவுக்குத்தான் நான் ஆள். செப்டம்பரில் வேலையை விட்டேன்.

அடுத்த பிப்ரவரியில் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போயிருந்தபோது, வரிசையில் எனக்கு முன்னால் பொன்னியம்மா நின்றிருந்தார். முகம் தெளிந்திருந்தது. முழங்கால் வலிக்காக வந்தாராம். கோவில்பதாகையில் பெரிய மகள் வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே வந்ததாகச் சொன்னார். நர்ஸ் அவரிடம் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்டார். "எனக்கு எங்க ஞாபகம் கீது? இதுல கீது, படி தம்பி," என்று ஆஸ்பத்திரி நோட்டை என்னிடம் நீட்டினார்.

போன வருடத்துப் பக்கங்கள். டாக்டரின் ஆங்கிலக் கிறுக்கல். மே பதினான்கு: கடைசி மாதவிடாய் ஏப்ரல் ஆறு, கட்டி சிறியது, அறுவை சிகிச்சை தேவையில்லை, இரும்புச்சத்து மாத்திரை. ஜூன் பதினெட்டு: இரத்தப்போக்கு இல்லை. ஜூலை இரண்டு: இல்லை.

நர்ஸிடம் தேதியைச் சொன்னேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"ஏப்ரல்லயே நின்னுடுச்சாக்கா?"

"ஆமா. அதோட சரி. டாக்டரம்மா ஆபரேசனே வேணான்ட்டாங்க." நோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தார். "ரேணுகாகிட்ட சொல்லிடாத, இன்னா?"

"அப்ப தெனம் ஒரு மணி நேரம் உள்ள என்னக்கா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவாங்க. கதவச் சாத்திகினு நின்னுகினு இருந்தேன், உன் கணக்குல நிமிசம் ஏறணும்ல. கைல வாட்ச் கெடையாது, அதான் நூறு நூறா எண்ணுவேன். ஆறு நூறு ஆனா வெளிய வருவேன்."